கேட்டுப்போன வீடு

நிஸ்றா பின்னால் வந்து நிற்கிறாள் என்பது ஷிஹானுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் லெப்டொப்பைப் பட்டென்று மூடியிருப்பான். மனுசன் அந்த நேரம் கனடாவில் யாரோ ஒரு பல்வைத்தியருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தான். எழுதிக்கொண்டிருந்தான் என்பதும் முழு உண்மையில்லை. முதல் நாள் ஒரு பூக்கடைக்கு அனுப்பியதை எடுத்து, பூக்கடையின் பெயரை அழித்துவிட்டுப் பல்வைத்தியரின் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தான். 'நான் ஆர்வம் ததும்பும் ஒரு வடிவமைப்பாளன். உங்கள் நிறுவனத்தை அடுத்த கட்டத்துக்கு உயர்த்த என்னால் முடியும்' என்று கம்பீரமாகத் தொடங்கிய கடிதத்தில், நாலாவது வரியில் 'உங்கள் அழகிய பூங்கொத்துகள்' இன்னும் மிச்சமிருந்தன. அதைக் கண்டதும் நிஸ்றாவுக்குச் சிரிப்புப் பீறிட்டுவிட்டது. இடுப்பிலிருந்த பிள்ளையும், உம்மா சிரிக்கிறாளே என்று தானும் சிரித்தது.

ஷிஹானுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? இரண்டு மாதமாக இதே வேலை. நகரத்தில் அவன் வேலை பார்த்த அச்சகத்தை முதலாளி மூடிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். கலியாணக் கார்ட்டும் கடைப் பலகையும் கீறிப் பழகிய கை, வெளிநாட்டுக்காரனுக்கு லேபலும் லோகோவும் கீறினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யூடியூபில் எவனோ சொன்னான். முன்பின் தெரியாத கம்பனிகளுக்கு நீயாக எழுதிக் கேள், நூறு பேருக்கு அனுப்பினால் ஒருவன் திரும்பிப் பார்ப்பான் என்றான். ஷிஹான் அனுப்பினான். நூறெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. திரும்பிப் பார்க்கிற அந்த ஒருவன் எந்த நாட்டில் இருக்கிறானோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அவர்களுடைய ஊரான காத்தான்குடியில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்சாதியின் வீட்டுக்குத்தான் குடிவருவான். அதில் ஒரு குறைச்சலும் இல்லை, ஊர் முழுக்க அப்படித்தான். ஆனால் அதிலே சொல்லாமல் சொன்ன ஒரு ஒப்பந்தம் உண்டு: காலையில் வெளிக்கிட்டுப் போக வேண்டும், பொழுதுபடத் திரும்பி வர வேண்டும். முழு நாளும் இடுப்பில் கட்டிய சாரனோடு மாமியாரின் கண்ணுக்கு முன்னால் கதிரையில் குந்தியிருக்கிற மருமகனை என்ன செய்வது என்று அந்த ஒப்பந்தத்தில் யாரும் யோசிக்கவில்லை. மாமி றபீக்கா தங்கமான மனுசி. கூடாத ஒரு சொல் பேசமாட்டா. பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைப்பா, திரையை ஒரு தரம் பார்ப்பா, "மகன், மறுமொழி வந்திச்சா?" என்று கேட்பா. இல்லை மாமி என்றால், "வரும், வரும்" என்றுவிட்டுப் போவா. அந்த இரண்டாவது 'வரும்' தான் ஷிஹானுக்கு இறங்காது. தேத்தண்ணியோடு தொண்டையிலேயே நின்றுவிடும்.

இதற்கு நடுவில் கட்டார் நாட்டுப் பேச்சு. நிஸ்றாவின் காக்கா, அதாவது அண்ணன், றுமைஸ் டோஹாவில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கட்டின் களஞ்சியத்தில் வேலை. அங்கேயே தங்கைமாப்பிள்ளைக்கும் ஒரு இடம் பார்த்து விசாவும் எடுத்துவிட்டான். அன்பாகச் செய்ததுதான், குறை சொல்லக் கூடாது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் ஏறு என்றான். ஷிஹானுக்கோ அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே பிடிக்காது, கதையை மாற்றிவிடுவான். அவனுடைய வாப்பா சவூதியில் இருந்தவர். லீவில் வந்திறங்கிய வாப்பாவைக் கண்டு, 'உம்மா, ஆரோ வந்திரிக்காங்க' என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை அவன். அதை இப்போதும் பெருநாளுக்குப் பெருநாள் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். வாப்பா மட்டும் சிரிக்கமாட்டார். ஷிஹானின் மகள் அஸீமா இப்போதுதான் அவனுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருக்கிறாள். போகாமல் இருக்க அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு மறுமொழி. இந்த வீட்டிலிருந்து செய்யக்கூடிய ஒரு வேலை.

"உங்களப் பத்தி ஒண்டுமே இல்லயே இதுல, மச்சான்," என்றாள் நிஸ்றா, சிரிப்பு அடங்கியதும்.

"என்னப் பத்தி நானே எப்பிடி எழுதுற? வெக்கமா இரிக்காதா?"

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. இவ்வளவு நாளும் ஆர்வம் ததும்பியதும் அடுத்த கட்டத்துக்கு உயர்த்தியதும் ஊரான் எழுதிவைத்த வசனங்கள். அவற்றுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தான், அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற மாதிரியே. நான் கெட்டிக்காரன், நான் நல்லவன் என்று தன் வாயால் சொல்லுகிற ஆளை ஊரில் என்னவென்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

நிஸ்றா பிள்ளையை இறக்கிவிட்டுப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். ஆங்கிலத்தில் உயர் டிப்ளோமா முடித்துவிட்டு அரசாங்க நியமனம் வரும் வரும் என்று காத்திருக்கிறவள் அவள். அவர்களுடைய ஊரில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். பெண் தானாகப் போய் என்னைக் கட்டிக்கொள் என்று நிற்பதில்லை, அவளுக்காகப் போய்ப் பேச ஒரு ஆள் இருக்கும். "நான் போறன்," என்றாள்.

"எங்க போற?"

"கேட்டுத்தான். இந்தக் கதையில பொண்ணு நீங்க, மச்சான். நீங்க உள்ளுக்குப் போய் அடக்கமா இரிங்க."

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் நடந்ததை ஷிஹான் யாரிடமும் சொல்லமாட்டான். நிஸ்றா வீடு பார்க்கத் தொடங்கினாள். கேட்டுப் போவதற்கு முன் விசாரிக்க வேண்டுமல்லவா? ஒவ்வொரு கம்பனியாக எடுத்து, அதன் இணையப் பக்கத்தை அடி முதல் நுனிவரை வாசித்தாள். சாமான் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள், அவர்களுக்குக் கம்பனிக்காரர் எந்தத் தொனியில் பதில் சொல்கிறார்கள் என்றெல்லாம் பார்த்தாள். சமையலுக்கு நடுவில் மாமியும் வந்து எட்டிப் பார்த்து, ஆக்கள் எப்படி என்று கேட்பா. துபாயில் ஒரு வாசனைத் திரவியக் கம்பனி பார்வைக்கு நல்ல வீடுதான், ஆனால் வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆறு மாதத்தில் ஓடியிருக்கிறார்கள். வேண்டாம். லண்டனில் ஒரு கேக் கடை, குறை சொன்ன வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டை பிடித்திருக்கிறது. அந்த வாய்க்கு நம்ம பிள்ளையைக் கொடுக்க ஏலாது என்று மாமியே தள்ளிவிட்டா. கடைசியில் அவுஸ்திரேலியாவுக்கும் கீழே, தஸ்மேனியா என்றொரு தீவில் சட்னி போட்டு விற்கிற இரண்டு சகோதரிகளில் வந்து நின்றாள் நிஸ்றா. வயதுபோன மனுசிகள். போத்தல் உடைந்து வந்தது என்று ஒருத்தர் எழுதியதற்கு, மன்னிப்புக் கேட்டு இரண்டு போத்தல் அனுப்பியிருந்தார்கள். அது போதும் என்றாள்.

பிறகு ஒரு பகல் முழுக்க இருந்து எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியதை வரி வரியாக ஷிஹானுக்குச் சொல்லிக் காட்டினாள்.

'என் பெயர் நிஸ்றா. இலங்கையில் ஒரு வாவிக்கரை ஊரில் இருக்கிறேன். என் கணவருக்காக வேலை கேட்டு எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல என்பதால் நான் பேசுகிறேன். உங்கள் உறைப்புச் சட்னிக்கும் உறைப்பில்லாத சட்னிக்கும் ஒரே மஞ்சள் லேபல். மாறிப்போய்த் தன் மகனுக்குக் கொடுத்து அவன் அழுதான் என்று ஒரு தாய் உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறார். இன்னும் இரண்டு பேர் அதையே சொல்கிறார்கள். தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரிகிற மாதிரி என் கணவர் இரண்டு லேபல் கீறியிருக்கிறார், இணைத்திருக்கிறேன். குறைகளையும் சொல்ல வேண்டும். ஆள் அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பதில் வராது. ஒரே லேபலில் நாலு வகை எழுத்துப் போடச் சொன்னால் முகம் சுருங்கும். ஆனால் சொன்ன நாளில் சொன்ன வேலை முடிந்திருக்கும். கலியாணம் முடித்த நாளிலிருந்து பார்க்கிறேன்.'

குறைகள் என்ற இடத்தில் ஷிஹான் துள்ளி எழும்பிவிட்டான். வேலை கேட்டுப் போகிற இடத்தில் யாராவது குறை சொல்வார்களா? நிஸ்றா அசையவில்லை. அவர்களுடைய கலியாணம் பேசிய நேரம் அவனைப் பற்றிச் சொல்ல வந்த அவனுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி, பொடியன் கொஞ்சம் முன்கோபக்காரன் என்று சொன்னாராம். அதற்குப் பிறகுதான் அவளுடைய உம்மா அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்பினாவாம். சாச்சா அப்படிச் சொன்னது ஷிஹானுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அதை ஜீரணிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய கையோடு அவன் அடுத்த முகவரி எது என்று கேட்டான். நிஸ்றா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு வீட்டக் கேட்டிரிக்கம். மறுமொழி வராம இன்னொரு வீட்டுப் படியில ஏறுறதா?"

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை, மனுசி நெஞ்சாரச் சொன்னாள். ஒரே நேரத்தில் நாலு வீட்டில் கேட்பது நாலு வீட்டையும் இளக்காரம் பண்ணுவது, அவர்களுடைய குடும்பத்தில் அப்படிச் செய்ததில்லை. தஸ்மேனியாவில் இருக்கிற கிழவிகளுக்கு உங்கட குடும்பத்து வழக்கம் எங்கே தெரியப் போகிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. முன்கோபக்காரன் என்ற சொல் நினைவுக்கு வந்ததால் கத்தவில்லை. முற்றத்துக்குப் போய், கழுவிவைத்த மோட்டார் சைக்கிளை இன்னொரு தரம் கழுவினான்.

நாட்கள் போயின. மறுமொழி இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வந்து, குர்பான் இறைச்சி பங்கு வைத்து, வந்தவர்கள் போய், வீடு ஓய்ந்தது. டோஹாவிலிருந்து றுமைஸ் போன் எடுத்து, மெடிக்கல் றிப்போர்ட் வந்துவிட்டதா, வியாழக்கிழமைக்குள் டிக்கட் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு நேபாளப் பொடியனை எடுத்துவிடுவான்கள் என்றான். ஷிஹான் ஓம் ஓம் என்றான். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், அஸீமா மேசைக்காலைப் பிடித்து நின்றுகொண்டு அவனைப் பார்த்துத் தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆம்பிளை அழலாமா என்றெல்லாம் அந்த நேரம் தோன்றவில்லை. நேரே குசினிக்குப் போய், இனி ஏலாது, நான் இன்றைக்கே ஐம்பது பேருக்கு அனுப்பப் போகிறேன் என்றான்.

நிஸ்றா மீன் கழுவிய கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் பயம் பிடித்திருந்தது. முகம் சொல்லியது. ஆனால் ஐம்பது பேருக்கு வேண்டாம் என்றாள். மறுமொழி பிந்தினால் ஒரு ஆளை அனுப்பிக் கேட்கலாம், அது வழக்கத்தில் இருக்கிறது. நெருக்காமல் கேட்க வேண்டும், இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழியும் விட வேண்டும். அப்படியே இரண்டு வரி எழுதினாள். 'விருப்பமில்லையென்றால் ஒரு சொல் எழுதுங்கள், எங்களுக்கு மனவருத்தம் இல்லை. லேபல் இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இனி எந்தப் பிள்ளையும் அழ வேண்டாம்.'

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மறுமொழி வந்திருந்தது. ஷிஹான் அதைத் திறக்காமல் நிஸ்றாவை எழுப்பினான். கேட்டுப் போனவள்தானே முதலில் பார்க்க வேண்டும்? மூத்த சகோதரி ஹெலன் எழுதியிருந்தா. பழம் பறிக்கிற காலம், தலை நிமிர நேரமில்லை, மன்னிக்க வேண்டும். கடிதத்தைச் சமையல் மேசையில் வைத்து இரண்டு பேரும் மூன்று தரம் வாசித்தார்களாம். புதன்கிழமை முகம் பார்த்துப் பேசலாமா என்று கேட்டிருந்தா.

புதன்கிழமை ஷிஹான் சேட்டை அயன் பண்ணிப் போட்டான். கீழே சாரன்தான், அதுவரைக்கும் கமரா இறங்காது. திரையில் வெள்ளைத் தலையோடு இரண்டு மனுசிகள், பின்னால் போத்தல் போத்தலாகச் சட்னி. உறைப்புச் சட்னிக்கு ஷிஹான் கீறிய சிவப்பு லேபலை மெச்சினார்கள், தங்கச்சிக்கு அந்தச் சின்ன நெருப்புச் சுடர் பிடித்துவிட்டதாம். ஷிஹான் கதிரையில் கொஞ்சம் சாய்ந்து இருந்தான். அப்போது ஹெலன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கடிதத்தை எழுதியவ எங்கே என்று கேட்டா. நிஸ்றா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். ஹெலன் சொன்னது இதுதான்: எங்கள் சட்னியைப் பெரிய கடைகளில் வைக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு எப்போதும் வெட்கம். நீ உன் கணவருக்காகக் கேட்ட மாதிரி எங்களுக்காகவும் கேட்டு எழுதுவாயா? மாதாமாதம் சம்பளம். கடைகள் ஓமென்றால், எல்லாப் போத்தலுக்கும் புது லேபல் வேண்டும். அது அவருடைய வேலை.

நிஸ்றா ஷிஹானைப் பார்த்தாள். ஒரு சொட்டு நேரம் அவனுக்குச் சுருக்கென்றது, அதை மறைப்பானேன்? கேட்டுப் போனது அவனுக்காக. அவனைப் பின்னால் வைத்துவிட்டு அவளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த மூச்சிலேயே மற்றது வந்து அவனை நிறைத்துவிட்டது: போகத் தேவையில்லை. அந்தச் சம்பளம் கட்டார்ச் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது, ஆனால் இந்த வீட்டில் சோறு தின்ன அது போதும். போகத் தேவையில்லை. தோளிலிருந்து யாரோ கல்மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். அந்த மனுசிகளுக்கு என்ன விளங்கியதோ, அவர்களும் தலையாட்டிச் சிரித்தார்கள்.

கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமிக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியதும், வாயில் கையை வைத்துக்கொண்டா. "நல்ல கூத்து. பொண்ணுக்குப் பேசப் போனவளையே பிடிச்சிக்கிட்டாங்க," என்று சொல்லி, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அந்த வீட்டில் மாமி அப்படிச் சிரித்து ஷிஹான் பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தேத்தண்ணி தேத்தண்ணியாக இறங்கியது.

இனி றுமைசுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய பாடு. விசா எடுத்தவன், தன் மேலாளரிடம் கெஞ்சி இடம் பிடித்தவன். வியாழக்கிழமை பகல், அங்கே சாப்பாட்டு இடைவேளை நேரம் பார்த்து ஷிஹான் அவனுக்குப் போன் எடுத்தான். மகளை ஒரு கையில் வைத்துக்கொண்டான். பிள்ளை கையில் இருந்தால் ஏச்சுக் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை. மறு அறையில் நிஸ்றா அவனுடைய லெப்டொப்பில் முதல் கடைக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நான் வரல்ல," என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் சொன்னான். கிழவிகளை, சட்னியை, நிஸ்றா கேட்டுப் போனதை, அவளையே எடுத்துக்கொண்டதை. சொல்லி முடித்துவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தான். அந்தப் பக்கம் றுமைஸ் ஏதோ மென்றுகொண்டிருந்தவன் மெல்வதை நிறுத்திவிட்டான்.

"நல்லம்," என்றான் கடைசியில். பிறகு, "புள்ள நடக்குதா?"

"மதிலப் புடிச்சி நடக்குறா."

றுமைசின் பெண்சாதியின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. அவனுடைய இரண்டு மகன்களும் நடக்கப் பழகியதை அவன் வீடியோவில்தான் பார்த்தான். 

"மச்சான்," என்றான் றுமைஸ். "நிஸ்றாட்டச் சொல்லி எனக்கும் ஒண்டு எழுதச் சொல்லன்."

பகிடி என்று நினைத்து ஷிஹான் சிரிக்கத் தொடங்கினான். அந்தப் பக்கத்தில் சிரிப்பு இல்லை. ஷிஹான் நிறுத்திக்கொண்டான். எழும்பிப் போய் போனை ஸ்பீக்கரில் போட்டு நிஸ்றாவின் மேசையில் வைத்து, காக்கா கேட்டதைச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வெற்றுக் கடிதத்தைத் திறந்தாள்.

"காக்கா, உங்களப் பத்தி நான் என்னண்டு சொல்ற? களஞ்சிய வேலைய விடுங்க. உங்களுக்கு என்ன செய்ய விருப்பம், அதச் சொல்லுங்க."

றுமைசிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழைப்பு அறுபடவில்லை. தூரத்தில் தள்ளுவண்டிச் சில்லு கிறீச்சிட்டது, யாரோ அரபியில் யாரையோ கூப்பிட்டார்கள், பிறகு அதுவும் அடங்கியது. குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்த மாமி கதவடியில் அப்படியே நின்றா. ஷிஹான் மகளை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, போனை நிஸ்றாவுக்குக் கிட்ட ஒரு விரல் நகர்த்திவைத்தான். அவள் விரல்களை எழுத்துக்களின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.